ஒரு சொல்லின் பொருள்

மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டார். "உங்கள் துறையைப் பற்றியே எழுதுங்கள், நெல்லைப் பற்றி எழுதினால் தஞ்சைக்காரர்கள் மகிழ்வார்கள்" என்றும் சொன்னார். எழுத உட்கார்ந்தேன். நெல் வரவில்லை. முனிர்க்காவில் நம்மில் பலர் பசியாறிய அந்தச் சிறிய கடையும், அதை நடத்திய அண்ணாச்சியும், அவர் வீட்டில் நான் சொன்ன தவறான சொல் ஒன்றும்தான் நினைவில் வந்து நின்றன. ஆகவே அதையே எழுதுகிறேன். செயலாளரும் தஞ்சைக்காரர்களும் பொறுத்தருள வேண்டும்.

அண்ணாச்சியின் கடையைப் பழைய மாணவர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். மாடிப்படிக்குக் கீழே ஆறு பேர் நெருக்கி உட்காரக்கூடிய இடம். காலையில் இட்டலி, பகலில் சோறு, இரவில் தோசை. சனவரிக் குளிரில் கை விறைத்து வருகிறவனுக்கு முதலில் ஒரு குவளை சுடுநீர், பிறகுதான் "என்ன வேணும்?" என்ற கேள்வி. உதவித்தொகை வராத மாதங்களில் பற்று வைத்துக்கொள்வார். அதற்கென்று நீல அட்டை போட்ட ஒரு நோட்டு. அதில் நம் பெயர்கள் இரா, ஊர்கள் இருக்கும். "கும்பகோணம் 45", "பழனி 120", "சிவகாசி 60". நான் கும்பகோணம்.

2022ஆம் ஆண்டு சித்திரையில் அண்ணாச்சி சொற்களை மாற்றிச் சொல்லத் தொடங்கினார். உப்பு எடுத்துத் தரச் சொல்ல நினைத்துச் "சாவியை எடு" என்பார். சட்டினியைத் "துணி" என்பார். நாங்கள் சிரித்தோம். "அண்ணாச்சிக்குத் தில்லி வெயில் தலைக்கேறிவிட்டது" என்று ஒருவன் சொன்னான். அவரும் எங்களோடு சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை இன்று நினைத்தாலும் என் உள்ளம் கூசுகிறது. மூளையின் இடப்பக்கத்தில், சொற்களைத் தேடி எடுத்துத் தரும் பகுதிக்கு அருகே ஒன்று வளர்ந்துகொண்டிருந்தது. எங்களுக்கு அது நகைச்சுவையாக இருந்தது.

வைகாசியில் ஒருநாள் மாவரைத்துக்கொண்டிருந்தவர் வலிப்பு வந்து விழுந்தார். படம் எடுத்துப் பார்த்தார்கள். ஆனி மாதத்தில் அறுவை நடந்தது. எடுக்க முடிந்தவரை எடுத்துவிட்டதாகவும், எடுத்த சதையைச் சோதனைக்கு அனுப்பியிருப்பதாகவும் மருத்துவர்கள் கூறினார்கள். அப்போது அண்ணாச்சிக்கு வயது 58. ஊரில், தென்காசிக்குப் பக்கத்தில், பாட்டி வீட்டிலிருந்த மகளுக்கு ஆவணியில் திருமணம் என்று நாள் குறித்திருந்தார்கள். மகன் இங்கே தமிழ்ப் பள்ளியில் பத்தாம் வகுப்பு.

ஆடி மாதம் முதல் சனிக்கிழமை. மகன் என் விடுதி அறைக்கு ஓடி வந்தான். "அண்ணே, ரிப்போர்ட் வந்துட்டு. அம்மா கூப்பிடுதா" என்றான். சென்றேன். கடைக்குப் பின்னால் ஓர் அறைதான் வீடு. அண்ணாச்சி தலையில் கட்டோடு படுத்திருந்தார். மதினி மூன்று தாள்களை நீட்டினார். (எங்கள் பக்கத்தில் அண்ணி என்போம், அந்தக் கடையில் உண்ட எல்லோருக்கும் அவர் மதினிதான்.) பையன் ஏற்கெனவே எழுத்துக்கூட்டிப் படித்திருந்தான். எழுத்து தெரிந்தது; பொருள் தெரியவில்லை. மருத்துவரைப் பார்க்கும் நாள் திங்கட்கிழமை.

தாளில் கட்டியின் பெயர் இருந்தது: கிளியோபிளாஸ்டோமா, நான்காம் நிலை. பெரியவர்களுக்கு மூளையிலேயே தோன்றும் புற்றுக்கட்டிகளில் மிகக் கொடியது அது என்று கேள்விப்பட்டிருந்தேன். அதை எப்படிச் சொல்வது என்று என் நா தயங்கியது. அப்போது கண் கீழே சென்றது. கடைசி வரியில் எனக்குத் தெரிந்த ஒரு சொல் கிடந்தது. எம்.ஜி.எம்.டி. என்ற மரபணுவின் முகப்பில் மெதிலேற்றம் இல்லை என்று எழுதியிருந்தது.

மெதிலேற்றம்! நான்கு ஆண்டுகளாக நான் உண்டு உறங்கி எழுவது அந்தச் சொல்லோடுதானே? ஒரு கரி அணுவும் மூன்று நீரிய அணுக்களும் சேர்ந்த சிறு துணுக்கு மெதில். மரபுப் பொருளாகிய டி.என்.ஏ. மீது சில இடங்களில் அது ஒட்டிக்கொள்ளும். மரபணு ஒன்றின் முகப்பில் மெதில் நெருக்கமாக ஒட்டினால் அந்த மரபணு வாய் திறக்காது. அது செய்யச் சொல்லும் புரதம் உண்டாகாது. நெற்பயிரில் எந்த மரபணு எப்போது இவ்வாறு மூடப்படுகிறது என்பதே என் ஆராய்ச்சி. எம்.ஜி.எம்.டி. என்பது டி.என்.ஏ.யில் நேரும் பழுதைச் சீர்செய்யும் புரதத்தின் மரபணு என்பதும் எங்கோ படித்து நினைவிலிருந்தது. என் அறிவு விரைந்து கணக்குப் போட்டது. சீர்செய்யும் மரபணு, அதன் முகப்பில் மெதில் இல்லை, ஆகவே அது திறந்திருக்கிறது, ஆகவே சீர்செய்யும் வேலை நடக்கிறது, ஆகவே நல்லது.

"என்ன தம்பி போட்டிருக்கு?" என்று மதினி கேட்டார்.

"கட்டி கெட்ட கட்டிதான் மதினி. ஆனால் கடைசியில் ஒன்று நல்லதாக இருக்கிறது. பழுது பார்க்கிற மரபணு கெடாமல் இருக்கிறது. மருந்து நன்றாகக் கேட்கும் என்று நினைக்கிறேன்."

கடைசி வாக்கியத்தை நான் ஏன் சொன்னேன்? தாளில் அது இல்லை. என் ஆராய்ச்சியிலும் இல்லை. அந்த அம்மையாரின் முகம் என்னைச் சொல்ல வைத்தது. சொன்னதும் அந்த முகம் மலர்ந்தது. எனக்கும் பெருமையாக இருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டுமல்லவா? பெருமையாகத்தான் இருந்தது. ஆராய்ச்சி மாணவன் என்று ஊரில் சொல்லித் திரிந்ததற்கு அன்றுதான் பயன் கிடைத்தது போலிருந்தது. காபி கொடுத்தார், குடித்துவிட்டு வந்தேன்.

இரவு அறைக்குத் திரும்பியபின், மறுநாள் இன்னும் விரிவாக விளக்கலாமே என்ற எண்ணத்தில் அந்த மரபணுவைப் பற்றிய கட்டுரைகளை எடுத்துப் படித்தேன். முதல் கட்டுரையின் முதல் பத்தியிலேயே என் கை குளிர்ந்துவிட்டது. நான் சொன்னது நேர்மாறு.

நண்பர்களே, அந்த மரபணுவின் கதையை நீங்களும் அறிந்துகொள்ள வேண்டும். அண்ணாச்சிக்குக் கொடுக்கவிருந்த மருந்தின் பெயர் டெமோசோலமைடு. இங்கிலாந்தில் ஆஸ்டன் பல்கலைக்கழகத்தில் மால்கம் ஸ்டீவன்சும் அவருடைய குழுவினரும் 1980களில் உருவாக்கியது. மாத்திரையாகவே விழுங்கலாம். வயிற்றின் புளிப்பில் சிதையாமல் இருந்து, இரத்தத்தில் கலந்தபின் சிதைந்து வேலை செய்யும். மூளைக்கும் இரத்தத்துக்கும் இடையே இயற்கை எழுப்பியுள்ள தடுப்பையும் கடந்து செல்லும். சென்று என்ன செய்கிறது? கட்டியின் டி.என்.ஏ. மீது மெதிலை ஒட்டுகிறது.

இங்கேதான் நான் வழுக்கி விழுந்தேன். இந்தக் கதையில் மெதில் இரண்டு இடங்களில் வருகிறது. ஒன்று, மரபணுவின் முகப்பில் உயிரணு தானே ஒட்டிக்கொள்ளும் மெதில். அது கதவைப் பூட்டுகிறது. மற்றொன்று, மருந்து கொண்டுவந்து ஒட்டும் மெதில். அது எழுத்தைக் கெடுக்கிறது. டி.என்.ஏ.யின் நான்கு எழுத்துகளில் ஒன்று குவானின். அதன் ஆறாம் இடத்திலுள்ள ஆக்சிசன் மீது மருந்தின் மெதில் அமர்ந்துவிட்டால், உயிரணு தன்னைப் படியெடுக்கும்போது அந்த எழுத்தைத் தவறாகப் படிக்கிறது. சைட்டோசின் வர வேண்டிய இடத்தில் தைமின் வந்து சேர்கிறது. தவறைக் கண்ட உயிரணு புதிய இழையை வெட்டித் திருத்துகிறது. ஆனால் மூல எழுத்தே கெட்டிருப்பதால் மீண்டும் அதே தவறு வருகிறது. மீண்டும் வெட்டு. வெட்டி வெட்டியே இழை அறுந்து, உயிரணு மடிகிறது. மருந்தின் திறம் இதுதான்.

இந்தத் திறத்தை முறியடிப்பது எம்.ஜி.எம்.டி. புரதம். குவானின் மீது அமர்ந்த மெதிலைப் பிடுங்கித் தன்மேல் ஏற்றிக்கொள்கிறது. ஏற்றிக்கொண்டபின் அதனால் வேறு வேலை செய்ய இயலாது, அழிந்துபோகிறது. ஒரு பழுதுக்கு ஒரு புரதம் தன்னையே கொடுக்கிறது. நம் உடம்பின் நல்ல உயிரணுக்களில் இது பெரிய அறம். இத்தகைய பழுதுநீக்கும் வழிகளைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான தாமஸ் லிண்டாலுக்கு, டி.என்.ஏ. சீரமைப்பு ஆய்வுகளுக்காக 2015ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு, மற்ற இருவரோடு பகிர்ந்து அளிக்கப்பட்டது. ஆனால் அதே புரதம் கட்டிக்குள் இருந்தால்? மருந்து கெடுக்கக் கெடுக்க, கட்டி தன்னைத் திருத்திக்கொண்டே போகும். கட்டியின் நலம் நம் நலம் அன்று. இந்தச் சிறு உண்மையைத்தான் நான் எண்ணிப் பார்க்கவில்லை.

ஆகவே அந்த மரபணுவின் முகப்பில் மெதில் ஒட்டி, கதவு பூட்டியிருந்தால் நோயாளிக்கு நல்லது. திருத்துகிறவன் வெளியே வர மாட்டான். மருந்து வேலை செய்யும். மெதில் இல்லையென்றால் கதவு திறந்திருக்கிறது என்று பொருள். அண்ணாச்சியின் தாளில் மெதில் இல்லை.

இதை முதலில் நோயாளிகளிடம் காட்டிய கட்டுரை ஒன்று 2000ஆம் ஆண்டில் வந்தது. கார்மஸ்டின் என்ற பழைய மருந்தைப் பெற்ற 47 பேரின் கட்டிகளை ஆராய்ந்திருந்தார்கள். கதவு பூட்டியிருந்த 19 பேரில் 12 பேருக்குக் கட்டி சுருங்கியது. திறந்திருந்த 28 பேரில் ஒருவருக்கே சுருங்கியது. அதன்பின் 2005 மார்ச்சில் இரண்டு கட்டுரைகள் ஒரே இதழில் வெளிவந்தன. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரைச் சேர்ந்த ரோஜர் ஸ்டுப் முதலானோர் 573 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கதிர் மட்டும், மறு பிரிவுக்குக் கதிரோடு டெமோசோலமைடும் கொடுத்தார்கள். கதிர் மட்டும் பெற்றவர்களின் நடு எண் 12.1 மாதம், மருந்தும் பெற்றவர்களுக்கு 14.6 மாதம். நடு எண் என்றால், பாதிப் பேர் அதற்குள் மறைந்தார்கள், பாதிப் பேர் அதைக் கடந்து வாழ்ந்தார்கள் என்று பொருள். இரண்டு ஆண்டுகளைக் கடந்தவர்கள் நூற்றுக்கு 10.4 என்பதிலிருந்து 26.5 ஆக உயர்ந்தார்கள்.

அதே இதழில் மோனிகா ஹெகியும் மற்றவர்களும், அந்நோயாளிகளில் 206 பேரின் கட்டிகளில் இந்த மரபணுவைச் சோதித்ததை எழுதியிருந்தார்கள். நூற்றுக்கு 45 பேருக்குக் கதவு பூட்டியிருந்தது. அவர்களுக்குக் கதிர் மட்டும் என்றால் 15.3 மாதம், மருந்தும் சேர்ந்தால் 21.7 மாதம். கதவு திறந்திருந்தவர்களுக்கு? கதிர் மட்டும் 11.8 மாதம், மருந்தும் சேர்ந்து 12.7 மாதம்.

11.8; 12.7. இரவு ஒரு மணிக்கு அந்த இரண்டு எண்களையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். என் சொல்லுக்கும் அந்த எண்களுக்கும் இடையே ஒரு குடும்பம் நிற்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

ஞாயிறு காலை எழுந்ததும் என் மனம் ஒரு வழக்கறிஞரைப் போல் வாதாடத் தொடங்கியது. 'நாளை மருத்துவர் சொல்லத்தானே போகிறார்? நீ ஏன் போய் வாயைக் கொடுக்க வேண்டும்? ஒருநாளாவது அவர்கள் நிம்மதியாக இருக்கட்டுமே. நீ மருத்துவன் அல்லன். உன் சொல்லை அவர்கள் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.' வாதம் இனிமையாக இருந்தது. ஏற்றுக்கொண்டேன். நூலகத்துக்குப் போகலாம் என்று கிளம்பினேன்.

விடுதி வாயிலில் அண்ணாச்சியின் மகனைக் கண்டேன். கையில் ஒரு தூக்குப் பாத்திரம். "அம்மா உங்களுக்குப் பாயசம் குடுத்துவிட்டா" என்றான். எதற்கு என்று கேட்டேன். "நேத்து ராத்திரியே அம்மா மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் போட்டுட்டா. அப்பாவுக்கு நல்லாகிரும், அவசரப்பட வேண்டாம், அடுத்த வருசம் வைகாசியில கல்யாணத்தை வச்சுக்கிடலாம், அவுகளே எழுந்து நின்னு நடத்தட்டும்னு சொல்லிட்டா."

பாத்திரத்தை வாங்கினேன். சூடாக இருந்தது. அடுத்த வைகாசி என்றால் இன்னும் பத்து மாதம். வழக்கறிஞர் வாயடைத்துப்போனார். நூலகத்துக்குப் போகவில்லை. பையனுடன் முனிர்க்காவுக்கு நடந்தேன். இருபது நிமிட நடை. என் வாழ்நாளில் அவ்வளவு நீண்ட தெருவை நான் நடந்ததில்லை.

மதினி அடுப்பருகே இருந்தார். பையனைக் கடைக்கு அனுப்பச் சொன்னேன். "நேற்று நான் சொன்னது தவறு மதினி" என்றேன். அவர் திரும்பினார். நான் கட்டுரையின் மொழியில் தொடங்கினேன். அது அங்கே செல்லாது என்று உடனே தெரிந்தது. சுவரில் தொங்கிய நீல நோட்டு கண்ணில் பட்டது.

"கட்டி தன் கணக்கை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்து போய் அந்த நோட்டில் மையைக் கொட்டுகிறது. கணக்குக் கெட்டால் கட்டி செத்துப்போகும். ஆனால் கட்டிக்குள்ளே மையைத் துடைக்கிற ஆள் ஒருவன் இருக்கிறான். சில பேருக்கு அவனை அறைக்குள் வைத்துப் பூட்டியிருக்கும். அவர்களுக்கு மருந்து நன்றாக வேலை செய்யும். அண்ணாச்சிக்குப் பூட்டு இல்லை. அந்தத் தாளில் எழுதியிருப்பது அதுதான். நான் அதைப் படித்துவிட்டு, துடைக்கிற ஆள் நமக்கு வேண்டியவன் என்று நினைத்துவிட்டேன்."

மதினி அடுப்பை அணைத்தார். அழவில்லை, என்மீது சினமும் கொள்ளவில்லை. சற்று நேரம் கழித்து, "தெரியலன்னு சொல்லியிருந்தா நாங்க என்ன சண்டைக்கா தம்பி வரப்போறோம்?" என்றார்.

இதைவிடப் பெரிய தண்டனையை யாரும் எனக்குத் தந்திருக்க முடியாது.

"அப்ப மருந்தே கேக்காதா?" என்றார் பிறகு.

"அப்படியும் இல்லை. கொஞ்சம் கேட்கலாம். பூட்டு இல்லாதவர்களிலும், கதிரோடு இந்த மாத்திரையும் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 14 பேர் இரண்டு வருடம் தாண்டியிருக்கிறார்கள். மாத்திரை இல்லாதவர்களில் 2 பேர்கூட இல்லை. அண்ணாச்சி எந்தப் பக்கம் என்று அந்தத் தாளால் சொல்ல முடியாது. நாளைக்கு மருத்துவரிடம் கேட்போம். நானும் வருகிறேன்."

"அடுத்த வைகாசிக்கு அவுக இருப்பாகளா?"

இந்த முறை நான் விரைந்து விடை சொல்லவில்லை. "தெரியவில்லை மதினி" என்றேன்.

உள்ளே கட்டிலிலிருந்து அண்ணாச்சியின் குரல் கேட்டது. அவர் உறங்குகிறார் என்று நாங்கள் எண்ணியிருந்தோம். "அந்த... அது... அதை... எடு" என்றார். சொல் வரவில்லை. கையைக் காதருகே வைத்துக் காட்டினார். மதினி கைப்பேசியை எடுத்துக் கொடுத்தார். அவர் வாங்கவில்லை, மதினியையே பேசச் சொல்லிக் கையசைத்தார். பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகத் தேடிப்பிடித்து, "ஐப்பசி... ஐப்பசியில" என்றார்.

மறுநாள் மருத்துவரிடம் சென்றோம். அவர் இந்தியில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். மதினி கேட்டதை இந்தியில் சொன்னேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. புரியாத இடத்தில் "இது எனக்குப் புரியவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள்" என்று கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். கதவு திறந்திருந்தாலும் இந்த வயதில் கதிரும் மாத்திரையும் சேர்த்தே கொடுப்பது வழக்கம் என்றார். மிக மூத்தவர்கள், இரண்டையும் சேர்த்துத் தாங்க இயலாதவர்கள் ஆகியோருக்கு எதைத் தேர்வது என்பதில் இந்தச் சோதனை பெரிதும் உதவுகிறது என்றும் சொன்னார். பின்னர் நானே படித்தேன்: 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் செய்து 2017இல் வெளியான ஆய்வில், குறுகிய காலக் கதிரோடு மருந்தும் சேர்த்தபோது நடு எண் 7.6 மாதத்திலிருந்து 9.3 மாதமாயிற்று; கதவு பூட்டியிருந்தவர்களுக்கு 7.7 மாதம் 13.5 மாதமாக உயர்ந்தது.

துடைக்கும் ஆளை வேறு மருந்தால் கட்டிப்போட முடியாதா என்று நான் கேட்டேன். முயன்றிருக்கிறார்கள். பென்சைல்குவானின் என்ற பொருளால் அந்தப் புரதத்தைச் செயலிழக்கச் செய்தார்கள். ஆனால் அந்தப் புரதம் நல்ல உயிரணுக்களையும் காத்து வருகிறதே! எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு இரத்த அணுக்கள் குறைந்தன. மருந்தின் அளவையும் குறைக்க வேண்டியதாயிற்று. பகைவன் வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் ஒரே காவற்காரன். அவனை எப்படித் தண்டிப்பது?

திங்கள் முதல் வெள்ளி வரை ஆறு வாரம், 30 நாள், கதிர் கொடுத்தார்கள். அந்நாட்களில் மாத்திரை தினந்தோறும் சிறு அளவில். நம் மாணவர்கள் முறை வைத்துக்கொண்டு அவரை அழைத்துச் சென்றோம். சித்திரையில் சிரித்தவர்கள் அத்தனை பேரும் வந்தார்கள். அதன்பின் ஒரு மாத ஓய்வு. பிறகு 28 நாளுக்கு ஐந்து நாள் வீதம் கூடிய அளவில் மாத்திரை. முதற்சுற்று முடிந்ததும் அண்ணாச்சி ஊருக்குப் புறப்பட்டார்.

2022 ஐப்பசியில், தென்காசிப் பக்கத்தில், மழை ஓய்ந்த ஒரு காலையில் திருமணம் நடந்தது. நாங்கள் நால்வர் சென்றிருந்தோம். அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்துதான் இருந்தார். ஆனால் தாரை வார்க்கும்போது எழுந்து நின்றார். என்னைப் "பழனி" என்று கூப்பிட்டார். நான் திருத்தவில்லை. பந்தியில் நின்று, யாருக்கு இலையில் எது குறைகிறது என்று விரலால் காட்டிக்கொண்டே இருந்தார். அதற்குச் சொல் தேவைப்படவில்லை.

அவர் 2023ஆம் ஆண்டு ஆனியில் மறைந்தார். அறுவை நடந்து ஏறத்தாழ ஓர் ஆண்டு. அதற்குமுன், தள்ளிவைக்க இருந்த அந்த வைகாசி வந்து போயிற்று. அந்த மாதத்தில் அவரால் எழவும் இயலவில்லை. யாரையும் அறிந்துகொள்ளவும் இயலவில்லை. இதை எண்ணும்போதெல்லாம் அந்தப் பாயசத்தின் சூடு என் கையில் மீண்டும் வருகிறது. பையன் அன்று விடுதி வாயிலில் எதிர்ப்படாமல் இருந்திருந்தால்? நான் போயிருப்பேனா? மருத்துவர் சொன்னபின் அவர்களே தெளிந்து நாளை மாற்றியிருக்கவும் கூடும். ஆனால் தவறாகச் சொன்னவன் தானே போய்த் திருத்த வேண்டியதை, மற்றொருவர் தலையில் சுமத்தியவன் ஆகியிருப்பேன்.

இப்போது நெல்லைப் பற்றிய என் ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருக்கிறேன். மெதிலேற்றம் என்ற சொல் பக்கத்துக்குப் பத்து முறை வருகிறது. முன்பெல்லாம் அது வந்தால், தெரிந்தவரைத் தெருவில் கண்டதுபோல் தலையசைத்துவிட்டுப் போவேன். இப்போது ஒவ்வொரு முறையும் நின்று கேட்கிறேன்: எதன்மேல்? எந்த இடத்தில்? யாருக்கு நன்மை? ஒரு சொல்லை அறிவது வேறு. அது ஓரிடத்தில் என்ன செய்கிறது என்பதை அறிவது வேறு. முன்னது எனக்கு இருந்தது. பின்னது இல்லை. இல்லாததை இருப்பதுபோல் காட்டினேன்.

நம்மிடம், வீட்டை விட்டு நெடுந்தொலைவில் ஆங்கிலம் படிக்கும் நம்மிடம், இத்தகைய தாள்களை நீட்டுகிறவர்கள் இனியும் வருவார்கள். கடைக்காரர் வருவார், காவற்காரர் வருவார், ஊரிலிருந்து மருத்துவத்துக்காக இரயிலேறி வந்த உறவினர் வருவார். நாம் மருத்துவம் படித்தோமா, வரலாறு படித்தோமா என்று அவர்கள் பார்க்க மாட்டார்கள். "படிச்ச பிள்ளை சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்பார்கள். அந்த நம்பிக்கையின்மேல் திருமணத்தைத் தள்ளிவைப்பார்கள், நிலத்தை விற்பார்கள், பாயசம் வைப்பார்கள். "இது எனக்குத் தெரியவில்லை, தெரிந்தவரிடம் சேர்ந்து போய்க் கேட்போம்" என்று சொல்ல நாம் பழகிக்கொள்ள வேண்டும். தெளிவான தமிழ்தான், ஆனால் சொல்வதற்குக் கடினமான தமிழ்.

கடையை மூடுவதற்காக மதினி கடைசியாகத் தில்லிக்கு வந்தபோது, நீல நோட்டில் என் கணக்கைப் பார்க்கச் சொன்னேன். "கும்பகோணம் 340" என்று இருந்தது. பணத்தைக் கொடுத்தேன். வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். அவர் எண்ணிப் பார்த்து வாங்கி, முந்தானையில் முடிந்துகொண்டார். பிறகு பையனிடமிருந்து பேனாவை வாங்கி, அண்ணாச்சியின் கையெழுத்தின்மேல் நேராக ஒரு கோடு போட்டார்.

"கணக்குன்னா கணக்கு, தம்பி" என்றார்.